சேல விக்கிறதுல எந்த வேலைய வெளிய குடுத்தேன், எத திரும்ப வாங்கிக்கிட்டேன்

மொதல்ல நான் வெளிய குடுத்த வேலை எதுன்னா, குடுத்திருக்கவே கூடாத வேலை. ஆன்லைன்ல யாவாரம் பாக்குற தெரிஞ்ச பொண்ணுங்க நாலஞ்சு பேரு தனித்தனியா கேட்டுட்டாங்க, ஆளு வச்சிருக்கீங்களாக்கா, எம்புட்டு குடுக்குறீங்க, எப்படி நம்பிக் குடுக்குறீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிப்புடலாம்னு உக்காந்துட்டேன்.

மதுரை வில்லாபுரத்துல வீடு. 2021ல கொரோனா ரெண்டாவது அலை அடிச்சப்ப வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம், காமராசர் சாலைப் பக்கம் ஒரு சந்துல சுங்குடி (துணிய முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துற மதுரைப் புள்ளிச் சேல) போடுற ஐயாகிட்ட 12 சேல கடனுக்கு எடுத்துட்டு வந்து இன்ஸ்டாலயும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். ஒம்போது நாள்ல போயிருச்சு. அப்பறம் 30, அப்பறம் 80ன்னு ஏறி, ரெண்டு வருசத்துல ஒரு நாளைக்கு எட்டுப் பத்து ஆர்டர், தீவாளி பொங்கல்னா 30 வரைக்கும் போகும். சந்தோசந்தான். ஆனா போட்டோ எடுக்குறதும் நானு, பதில் சொல்றதும் நானு, மடிக்கிறது, ஸ்டிக்கர் ஒட்டுறது, கொரியர்காரத் தம்பி வரலைன்னா வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுறது எல்லாம் நானு. ராத்திரி ஒன்றரை மணிக்கு "சிஸ் விலை?"ன்னு ஒரு மெசேஜ் வரும், கேப்சன்ல வெல போட்டுத்தான் இருக்கும், இருந்தாலும் வரும். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே டைப் பண்ணி ஒருநா சட்டினிக் கையோட போன் டிஸ்பிளே போச்சு.

அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, எது எரிச்சலா இருக்கோ அதத் தூக்கி யார்கிட்டயாவது குடுத்துருவோம்னு. எரிச்சல் எது, மெசேஜ். சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, திருமங்கலத்துல வீட்ல இருந்தே காலேஜ் போய்ட்டு வர்றா, அவகிட்ட மாசம் 6000ன்னு பேசி, "விலை கேட்டா சொல்லு, ஆர்டர் எடுத்துக்க, பாத்துக்கத்தா"ன்னு சொல்லி இன்ஸ்டா பாஸ்வேர்டையும் குடுத்துட்டேன். அம்புட்டுத்தான் சொன்னது. பாத்துக்கன்னா எதப் பாக்கணும்?

மூணாவது வாரம் ஒரு அம்மா, கைமுடிச்சு அரக்குக் கலர் சேலைய வாங்குறதுக்கு முன்னாடி "சாயம் போகுமாம்மா?"ன்னு கேட்டிருக்காங்க. இந்தப் புள்ள "போகாதும்மா, கேரண்டி"ன்னு அடிச்சு விட்ருக்கா. சுங்குடி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கடுங் கலர்னா மொத ரெண்டு மூணு தண்ணிக்குச் சாயம் கொஞ்சம் விடத்தான் செய்யும், தனியா நனைக்கணும், கல்லுப்பு போட்ட தண்ணில அலசி நெழல்ல காயப் போடணும். அந்தம்மா அவங்க வீட்டுக்காரர் வெள்ள வேட்டியோட சேத்து ஊற வச்சுட்டாங்க. வேட்டி ரோஸ் கலர்ல வந்த போட்டோவ எனக்கு அனுப்புனாங்க பாருங்க, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. சேல காசு திருப்பிக் குடுத்தேன், வேட்டிக்கும் குடுத்தேன். அதே மாசம் இன்னொருத்தருக்கு பிரிண்ட் போட்ட சேலைய "கைமுடிச்சுதான்"னு சொல்லி வித்துட்டா. அது பொய் சொல்லணும்னு இல்ல, அவளுக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, நான் சொல்லிக் குடுக்கல. முடிச்சுப் போட்ட எடத்துல புள்ளி ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காது, நடுவுல சின்னதாக் கலர் நிக்கும், துணியத் தடவுனா லேசாச் சுருக்கம் தெரியும். பிரிண்ட்ல எல்லாப் புள்ளியும் அச்சடிச்ச மாதிரி இருக்கும், அச்சடிச்சதுதான அது. இத நான் யார்கிட்டயும் வாயத் தொறந்து சொன்னதே இல்ல, என் கண்ணுக்குத் தெரியும், அதனால எல்லாருக்கும் தெரியும்னு நெனப்பு. அந்தப் புள்ளைய நிப்பாட்டிட்டேன். அவ அழுதா. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

சரி ஆளு சரியில்ல, தெரிஞ்சவங்களே வேணாம், வெளிய இருக்குற தொழில்காரங்ககிட்ட குடுப்போம்னு அடுத்து போட்டோ எடிட்டிங்க குடுத்தேன். நெட்லயே புடிச்ச ஒரு பையன், போட்டோவுக்கு 15 ரூவா, 200 போட்டோ, முழுக் காசும் முன்னாடியே ஜிபே பண்ணிட்டேன் (சிரிக்காதீங்க). வேலை பளபளன்னு இருந்துச்சு. ரொம்பப் பளபளன்னு. அரக்கு செவப்பாயிருச்சு, மயில் கழுத்துக் கலர் சும்மா நீலமாயிருச்சு, பச்சை எல்லாம் பிளாஸ்டிக் பச்சை. நான் அவசரத்துல அப்படியே ஏத்திட்டேன், பதினோரு பார்சல் "போட்டோல இருந்த கலர் இது இல்ல"ன்னு திரும்பி வந்துச்சு, போக வர கொரியர் காசு என் தலையில. அந்தப் பையன்கிட்ட கேட்டா "நல்லா பிரைட்டா பண்ணிக் குடுத்தேனேக்கா"ங்கிறான். அவன் சொல்றதும் நெசந்தான், கலர மாத்தாதன்னு நான் எங்க சொன்னேன்?

அந்தத் திரும்பி வந்த பதினொண்ணையும் தூக்கிக்கிட்டு ஐயாகிட்ட போயி, எடுத்துக்கங்கய்யா, எனக்கு யாவாரம் ஒத்து வராது போலன்னு பொலம்புனேன். திண்ணையில உக்காந்து வெள்ளத் துணிய மடிச்சு வரிசையாப் புள்ளி வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் அங்க அத்தன தடவ போயிருக்கேன், அன்னைக்குத்தான் உக்காந்து பாத்தேன். சுங்குடிங்கிறதே வேலைய வெளிய குடுத்து வாங்குற தொழில்தான், எனக்கு அது ஒறைக்கவே இல்ல. துணில குறி வச்சு அக்கம்பக்கம் வீடுகளுக்கு அனுப்புவாரு, பொம்பளைங்க அவங்கவங்க வீட்ல ஒழிஞ்ச நேரத்துல ஒவ்வொரு புள்ளியா கிள்ளி எடுத்து நூலால இறுக்கி முடிச்சுப் போடுவாங்க, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, டிசைனப் பொறுத்து வாரக்கணக்குல ஆகும். சேலைக்கு இம்புட்டுன்னு கூலி. முடிச்ச துணி திரும்ப வரும், சாயத்துல போடுவாரு, காஞ்சதும் முடிச்சப் பிரிச்சா உள்ள சாயம் எறங்காத எடமெல்லாம் புள்ளியா நிக்கும்.

என் கதைய முழுசாக் கேட்டுட்டு, "ஏம்மா, வெறுந்துணியக் கையில குடுத்து முடிச்சுப் போடுன்னா ஆளுக்கு ஒரு எடத்துல போடுவாங்க. குறி வச்சுல்ல குடுக்கணும். நீ குறி வச்சியா?"ன்னாரு. நான் பேசாம நின்னேன். புதுசா வர்ற ஆளுக்கு எடுத்ததும் சேல குடுக்க மாட்டாராம், கர்ச்சீப் அளவுத் துண்டு ஒண்ணு, அதுக்கும் கூலி உண்டு, அது நல்லா வந்தா ஒரு சேல, அதுக்கப்பறம்தான் ரெண்டு மூணு. "சாயத்தயும் யாருக்காச்சும் வெளிய குடுப்பீங்களாய்யா?"ன்னு கேட்டேன். "அது எப்படிம்மா குடுப்பேன், அது கெட்டா எம்பேருல்ல கெட்டுப்போகும்"னு சொல்லிட்டு அடுத்த புள்ளி வைக்கப் போயிட்டாரு. 2005லயே புவிசார் குறியீடு வாங்குன சரக்கு இது, அதுல கலப்படமாப் பேசி வித்துட்டு அவர் முன்னாடி நிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து என் பொண்ணோட பழைய ரஃப் நோட்டு ஒண்ண எடுத்து ஒரு வாரம் முழுக்க எந்த வேலைக்கு எம்புட்டு நேரம் போகுதுன்னு எழுதுனேன். எல்லா நாளும் ஒழுங்கா எழுதல, வெள்ளிக்கெழம மறந்தே போச்சு, இருந்தாலும் கணக்கு கண்ணத் தொறந்துருச்சு. பேக்கிங், பில்லு, ஸ்டிக்கர் மட்டும் 17 மணி நேரம். "பார்சல் எங்க வருது", "கேஷ் ஆன் டெலிவரி இருக்கா", "பிளவுஸ் பிட் உண்டா", அட்ரஸ் வாங்குறது இந்த மாதிரிக்கு 11 மணி. போட்டோவுக்கு 6. கலரு, சலவை, முடிச்சா பிரிண்டா, அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு எது எடுக்கலாம், இந்த மாதிரிப் பேச்சுக்கு வாரத்துக்கே 4 மணிதான். நான் மெசேஜ்னு ஒரே மூட்டையாக் கட்டி வெளிய எறிஞ்சதுல இந்த 4 மணியும் போயிருச்சு, யாவாரமே அந்த 4 மணிலதான் நடக்குது. பேக்கிங் எனக்குப் புடிச்ச வேலை, பாட்டுக் கேட்டுக்கிட்டே மடிப்பேன், அதனால அதக் குடுக்கணும்னு தோணவே இல்ல.

பேக்கிங்க எதுத்த வீட்டு அக்காகிட்ட குடுத்தேன். பார்சலுக்கு 10 ரூவா. இந்தத் தடவ வாயால சொல்லல, நான் ஒரு சேலைய மடிக்கிறதுல இருந்து ஸ்டிக்கர் ஒட்டுற வரைக்கும் போன ஜன்னல்ல சாய்ச்சு வச்சு வீடியோ எடுத்து அனுப்பிட்டேன், அக்காவுக்குப் படிக்கிறதவிட பாக்குறதுதான் சௌரியம். மொதல்ல மூணு பார்சல் மட்டும். அதுலயே கோயம்புத்தூருக்குப் போக வேண்டியது கடலூருக்குப் போக இருந்துச்சு, ரெண்டும் ஒரே கலர் சேல, ஸ்டிக்கர் மாறிப்போச்சு. அன்னையில இருந்து ஒவ்வொரு சேல மேலயும் ஆர்டர் நம்பர் துண்டுச்சீட்டு, கவர மூடுறதுக்கு முன்னாடி சேலையும் சீட்டும் ஸ்டிக்கரும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, வாட்ஸ்அப்ல எனக்கு. கஸ்டமர் "வேற சேல வந்திருக்கு"ன்னா அந்தப் போட்டோதான் பேசும்.

கவர் விசயத்துலயும் ஒண்ணு சொல்லணும், அழகா இருக்கேன்னு நான் அட்டப்பெட்டில அனுப்பிக்கிட்டு இருந்தேன். கொரியர்ல எடைய மட்டும் பாக்க மாட்டாய்ங்க, நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுத்து வர்றது நெச எடையவிட அதிகமா இருந்தா அதுக்குத்தான் காசு. என் பெட்டி 35க்கு 28க்கு 10, கணக்குப் போட்டா 1.96 கிலோ, உள்ள இருக்குற சேல 600 கிராம்! தட்டையான கவர்ல 30க்கு 25க்கு 4ன்னு மடிச்சா 0.6தான் வரும். இத கண்டுபிடிச்சது நான் இல்ல, அந்த அக்கா. "ஏத்தா, இம்புட்டுப் பெட்டிக்குள்ள காத்தயா அனுப்புற?"ன்னு கேட்டாங்க, அப்பறம்தான் நான் பில்ல எடுத்து வச்சு ஒக்காந்து பாத்தேன்.

ஜிஎஸ்டி கணக்க ஆடிட்டர் ஆபீஸ்ல குடுத்ததுல சொல்ல ஒண்ணும் இல்ல. மாசாமாசம் கணக்குக் குடுக்குறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கு) 11ஆம் தேதிக்குள்ள, 3பி (வரி கட்டுற கணக்கு) 20ஆம் தேதிக்குள்ள, அவங்க பாத்துக்குறாங்க. போர்டல்ல பதிஞ்சிருக்குற போன் நம்பரும் மெயிலும் உங்களோடதா இருக்கணும், அத மட்டும் விட்றாதீங்க.

போட்டோவுக்கு வேற ஒருத்தர புடிச்சேன், அஞ்சு போட்டோ சோதனைக்கு, அதுக்குக் காசு உண்டு, ஒரு போட்டோல சேலைக்குப் பக்கத்துல வெள்ளப் பேப்பர் வச்சே எடுத்து அனுப்புவேன், வெள்ளை வெள்ளையா இருக்குற வரைக்கும் சரி பண்ணுங்க, அதுக்கு மேல கலர்ல கை வைக்காதீங்கன்னு எழுதியே குடுத்துட்டேன். பாதிக் காசு முன்னாடி, மீதி சரக்கு கைக்கு வந்தப்பறம். ரீல்ஸ் வெட்டி ஒட்டுறதுக்கு ஆனையூர்ல ஒரு தம்பி, ஒரு ரீலுக்கு 150. அவன் சினிமாப் பாட்டாப் போடுறான்னு சண்ட, பிசினஸ் அக்கவுண்ட்ல எல்லாப் பாட்டையும் போட முடியாதுங்கிறது அவனுக்கும் தெரியல எனக்கும் தெரியல.

அந்தத் திருமங்கலத்துப் பொண்ணுகிட்ட நானே போன் பண்ணேன். தப்பு எம்மேலதாண்டி, வர்றியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "எழுதிக் குடுப்பீங்களாக்கா?"ன்னா. வாட்ஸ்அப் பிசினஸ்ல ஒரே நம்பர நாலு டிவைஸ்ல கூடுதலா இணைக்கலாம், அவ லேப்டாப்ல ஒண்ணு. குயிக் ரிப்ளைல இருபது பதில் நானே எழுதி வச்சுட்டேன், லேபிள் நாலு கலர்ல. பார்சல், காசு, அட்ரஸ், ஸ்டாக் இதெல்லாம் அவ. கலர், சாயம், சலவை, முடிச்சுன்னு வார்த்த வந்தா பதில் சொல்லக் கூடாது, செவப்பு லேபிள் போட்டு விட்றணும், நான் ராத்திரி எட்டு மணிக்கு ஒக்காந்து பாப்பேன். இன்ஸ்டா பாஸ்வேர்ட மாத்துனேன் (அந்த போட்டோ பையனுக்கும் குடுத்திருந்தேன், ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஞாபகமே வந்துச்சு), இப்ப மெட்டா பிசினஸ் சூட்ல (பாஸ்வேர்ட் குடுக்காமலே அடுத்தவங்களுக்கு அனுமதி குடுக்குற எடம்) அவளுக்கு மெசேஜ் மட்டும் பாக்குற மாதிரி அனுமதி குடுத்திருக்கேன். சாயங்காலம் 5ல இருந்து 9 வரைக்கும்தான் வேலை, மாசம் 4500. மொத தடவ குடுத்ததவிடக் கம்மி, ஆனா அப்ப நாள் பூரா போனும் கையுமா இருந்தா, இப்ப படிக்கவும் நேரம் இருக்குங்கிறா.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடல. அழகர் எறங்குற சமயத்துல கொரியரும் வராது, எதுத்த வீட்டு அக்காவும் எதிர்சேவை பாக்கப் போயிருவாங்க, அந்தப் பொண்ணு வீட்லயும் சொந்தபந்தம் நெறைஞ்சிரும், எல்லா வேலையும் திரும்ப எங்கிட்டயே வந்து நிக்கும். இந்த வருசம் அஞ்சு நாளைக்கு ஆர்டர் எடுக்குறதில்லன்னு முன்னாடியே போட்டுட்டு நானும் ஆத்துக்குப் போயிட்டேன்.

இப்ப எங்கைல மிச்சம் இருக்குறது ரிட்டர்ன் வேலை. பிரிச்சுப் பாக்கணும், உடுத்துனதா இல்லையான்னு மோந்து பாக்கணும், காசு குடுக்கலாமா வேணாமான்னு பேசணும். போன வாரம் எதுத்த வீட்டு அக்காகிட்ட, பார்சலுக்கு 25 ரூவா தர்றேன், இதையும் எடுத்துக்கிறீங்களான்னு கேட்டேன். "மடிக்கிறதுன்னா நூறு சேல குடு, மடிக்கிறேன். மல்லுக்கட்டுறதுக்கு எல்லாம் என்னையக் கூப்புடாதத்தா"ன்னுட்டாங்க.