என் பேரு எங்க தம்பி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் படம் எடுக்கத் தொடங்கிய புதிதில், பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அங்கேயே பிறந்து, ரப்பர் பால்மரம் சீவி, மரமெல்லாம் செம்பனையாக மாறிய பிறகும் அதே வீட்டில் இருந்தார் ஒரு பாட்டி. பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் கையில் இருந்தது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. எத்தனை முறை மனு போட்டும் குடிமக்களுக்கான நீல அட்டை வரவில்லை.

படம் என்றதும் உள்ளே போய் நல்ல புடவை கட்டி, தலைவாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நான்தான் அதைக் கெடுத்தேன். பழைய கைலியோடு அடுப்பங்கரை இருட்டில் நின்றால் படம் அழுத்தமாக வரும் என்று சொல்லி அப்படியே நிற்க வைத்தேன்.

அரைப் பக்கத்துக்கு வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி படத்தின் கீழே விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“தோட்டத்து மூதாட்டின்னு போட்டிருக்கு. என் பேரு எங்க தம்பி?”

நான் கேட்கவே இல்லை.

1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் புகைப்படக் கலைஞர் டொரோத்தியா லாங் எடுத்த ஏழைத் தாயின் படம் உலகமே அறிந்தது. படம் வெளிவந்ததும் அந்தத் தாய் தங்கியிருந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 40 ஆண்டுகளுக்கு மேலானது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதைப் படித்த அன்று எனக்குப் பாட்டியின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

லூயிஸ் ஹைன் வேறு மாதிரி. 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளைப் படம் எடுத்தவர். பைபிள் விற்பவராகக்கூட வேடம் போட்டு உள்ளே நுழைவாராம். தன் சட்டைப் பொத்தான்களை வைத்தே பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டு, பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். ‘இப்படியெல்லாம் இல்லை’ என்று முதலாளிகள் மறுக்க முடியாதபடி படத்தோடு அந்த விவரமும் நின்றது. பிள்ளைகள் உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் நிலைபெற 1938 ஆனது. முப்பது வருடம்! அவ்வளவு காலம் ஒரு போராட்டத்தை நடத்த வைப்பது கோபம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். பெயர் தெரிந்த ஒரு பிள்ளையை மறப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். பாட்டியின் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த லயம், பிரசவம் பார்த்தவர் யார் என்று எல்லாம் எழுதினேன். இந்த முறை புடவையோடு, வாசல் வெளிச்சத்தில், சிரித்தபடி நின்றார். பெயரோடு வந்த அந்தப் படத்தை வெட்டி, சிவப்பு அட்டை இருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அட்டையின் நிறம் மாறுவதற்குள் பாட்டி போய்விட்டார். ஆனால் பாட்டியின் பெயரை எழுதிய அன்று நான் கிளம்பும்போது, பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் நான்கு பேர் தங்கள் உறைகளோடு வந்து நின்றார்கள். “எங்க பேரையும் எழுதிக்குங்க தம்பி” என்றார்கள். இருட்டும்வரை எழுதினேன். படம் எடுக்க மறுநாள்தான் போனேன்.