செயற்கைக் கை என் கையான கதை

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் வலது கை போனபோது எனக்கு 34 வயது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம்.

கை போனதே தவிர, கை இருக்கிற உணர்வு போகவில்லை. இல்லாத விரல்கள் நகம் பதிய மூடியே கிடந்தன. அதைத் திறக்க முடியாமல் இரவெல்லாம் அழுதிருக்கிறேன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக்கொடுத்தார். கண்ணாடியில் இடது கை வலது கையாகத் தெரியும். அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரத்தில் அந்த முஷ்டி அவிழ்ந்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்று அவரே சொன்னார்.

பிறகு மையோஎலெக்ட்ரிக் கை, அதாவது தசையின் மின்சைகைக்கு அசையும் செயற்கைக் கை வந்தது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்குவதாக நினைத்தால் மிச்சத் தசை இறுகும். மிச்சக் கையில் மாட்டும் கூடான சாக்கெட்டுக்குள் இருக்கும் எலக்ட்ரோடு அந்தச் சிறு மின்சாரத்தைப் பிடித்து விரல்களை மூட வைக்கும். வெளிப்பக்கம் நினைத்தால் திறக்கும். முதல் இரண்டு மாதம் அது வெறும் கருவிதான். கண்ணை எடுத்தால் காகிதக் கப் நசுங்கும், இல்லையென்றால் விழும். செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பாரம்.

ஒருநாள் அந்த அம்மா மேசையில் ஒரு ரப்பர் கையை வைத்து, என் மொட்டைக் கையை அட்டைக்குப் பின்னால் மறைத்தார். ஒரு பிரஷ்ஷால் ரப்பர் விரலைத் தடவிய அதே நொடியில், இன்னொன்றால் மறைவில் என் கை நுனியைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் ரப்பர் விரலிலேயே தடவுவதுபோல் இருந்தது. சிலிர்த்துவிட்டது. அவர் வேண்டுமென்றே முன்பின்னாகத் தடவியதும் அது மறுபடி ரப்பர்தான். கை உள்ளவர்களிடம் செய்து 1998-ல் வெளியான சோதனை இது. 2008-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கை இழந்த 18 பேரிடமும் செய்து பார்த்தார்கள்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. தோல் நிறத்தில் உறை வாங்கிப் போட்டதால் ஒன்றும் மாறவில்லை. கண்ணில் படுவதும் உடம்பில் படுவதும் ஒரே நேரத்தில் வர வேண்டும். என் செயற்கைக் கைக்குத் தொடு உணர்வு கிடையாது. ஆனால் மோட்டார் சத்தம் உண்டு, சாக்கெட் வழியாக அதிர்வும் வரும். பஞ்சு, எலுமிச்சம்பழம், தீப்பெட்டி என்று மாற்றி மாற்றிப் பிடித்து, பொருளில் பட்டதும் சத்தம் கனப்பதைக் கவனித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். தினமும் ஒரு மணி நேரம், சலித்தாலும் விடவில்லை.

ஐந்தாவது மாதம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அரிசிப் பையை என் செயற்கைக் கையின்மேல் இறக்கப் போனார். "கை, கை!" என்று கத்தி வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதற்கு வலிக்காது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்த்து வழுக்கினால், சொன்ன பேச்சைக் கேட்காது, உடனே அந்நியமாகிவிடும். கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகும். புதிதாகப் போடுகிறவர்கள் அந்த நாட்களில் மனம் தளர வேண்டாம்.

இரவில் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால், இல்லாத விரல்கள் முழங்கைப் பக்கமாகச் சுருங்கிக்கொள்கின்றன. காலையில் மாட்டியதும் நீண்டு போய், அந்த பிளாஸ்டிக் விரல்களுக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொள்கின்றன.