கல்யாணத்துக்கு முன் டீ-டேன்: எந்தப் பார்லருக்குப் போவது?

நாகர்கோவிலில் ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் பியூட்டி பார்லர்களில் இடம் கிடைப்பதே அரிதாகிவிடும். சித்தப்பா மகளின் திருமணத்தை முன்னிட்டு டீ-டேன், அதாவது வெயிலில் கறுத்த தோலின் கருமையைக் குறைக்கும் பூச்சு, போட அவளுக்கு ஏற்ற பார்லரைத் தேடும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்து சேர்ந்தது. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருபவள் என்பதால், சுடிதார் கை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல் இரண்டு நிறம். ஏறத்தாழ எட்டு டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் நம் மாவட்டத்தில் சூரியன் பங்குனிக் கடைசியிலும் ஆவணி நடுவிலும் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. ஆகவே கல்யாணக் காலமும் கறுக்கும் காலமும் இங்கே ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

முதலில், பார்லரால் எது முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த நிறமி ஏறிய மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வருவதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். ஒரு மணி நேரம் பூசிக் கழுவும் பேக் எதுவும் அந்த வேலையைச் செய்து முடிக்காது. அது இறந்த செல்களையும் அழுக்கையும் நீக்கிக் கொஞ்சம் பளிச்சென்று காட்டும், அவ்வளவுதான். பிளீச் போடுவதும் பெரும்பாலும் முகத்திலுள்ள பூனைமுடியின் நிறத்தை வெளுக்கச் செய்வதே. ஆகவே 'ஒரே சிட்டிங்கில் மூன்று ஷேடு வெளுக்கும்' என்று சொன்ன இடத்தில் நான் மேற்கொண்டு விலைகூடக் கேட்கவில்லை.

அதைவிடக் கவலை தந்தது, அடுத்துப் போன இடத்தில் கண்ட வெள்ளை டப்பா. பெயரும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. 'ஸ்பெஷல் கிரீம், இரவில் தடவினால் ஒரே வாரத்தில் தெரியும்' என்று சொல்லி ஸ்பூனால் எடுத்துச் சிறு டப்பாவில் அடைத்துக் கொடுக்க முன்வந்தார்கள். ஒரே வாரத்தில் வெளுக்கச் செய்யும் பெயரில்லாக் கிரீம்களில் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியவை பாதரசமும் ஸ்டீராய்டும்தான். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும். கூடவே தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்களிடம் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு, அந்தக் கிரீம்களில் பாதரசம் இருப்பது தெரியவந்தது. அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனையே நடத்தியது. முகமும் காலும் வீங்குவதையும் சிறுநீர் நுரைத்துப் போவதையும் யாரும் முகக் கிரீமோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஸ்டீராய்டின் கதை வேறு: முதல் சில வாரம் முகம் மின்னும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினாலோ எரிச்சல் இன்னும் கூடும். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்கள் டியூபில் இருந்தால் அது மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து. பார்லர் மேசையில் இருக்க வேண்டியதன்று.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் மைனியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அங்கே கடைத்தெருவில் காசு கொடுத்துக் கறுப்பதற்கென்றே சலூன் இருக்கிறது. புற ஊதா விளக்குகள் பதித்த படுக்கையில் நிமிடக் கணக்கில் படுத்து எழுகிறார்கள். அதுவும் ஆபத்தில்லாத பழக்கமன்று. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அந்தக் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது, பிரேசில் அதே ஆண்டில் அழகுக்காக அவற்றைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை உள்ளே விடக்கூடாது என்று 2010இல் சட்டம் வந்தது. நல்ல சலூன் என்றால் உங்கள் தோல் எந்த வகை, எளிதில் வெந்து போகுமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மச்சம் அதிகமா என்று கேட்டுவிட்டு, ஒத்து வராதவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றார் மைனி. வெளுக்க வருபவர்களிடம் நம் ஊரில் இதில் பாதியையாவது கேட்கிறார்களா என்று பார்ப்பதென்று அப்போதே முடிவு செய்தேன்.

கேட்ட பார்லர் ஒன்று அகப்பட்டது. பெரிய கண்ணாடிக் கதவோ ஏசியோ இல்லாத, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறு அறை. அந்த அக்கா கையைக்கூடத் தொடாமல் முதலில் கேட்டது, 'பருவுக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறியாம்மா?' என்பதுதான். சரியான கேள்வி. டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களுக்கு வேக்சிங் செய்தால் தோலே உரிந்து வரக்கூடும். பிறகு பேக்கின் உறையைப் பிரிக்காமலே எங்கள் கையில் கொடுத்துக் காலாவதித் தேதியையும் உரிம எண்ணையும் பார்க்கச் சொன்னார். பிளீச் கிரீமில் ஆக்டிவேட்டர் தூளைத் துளியளவு கலந்து, அமோனியா நெடி மூக்கில் ஏற, அவள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு மட்டும் வைத்துக் கழுவிவிட்டு, 'நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுங்க' என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. பிளீச் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வருமானம் குறைகிறதே என்று முகம் சுளிக்கவில்லை.

கறுப்பைக் குறையாக நினைக்கும் நம் வழக்கத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் நேரம் அதுவன்று. முகத்துக்கு வெறும் கிளீனப், கைகளுக்கு டீ-டேன் பேக், அதுவும் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாக என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை ஸ்கூட்டரில் போகும்போது முழுக்கைப் பருத்திக் கோட்டும், வெயிலைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் கட்டாயம் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். மேகம் மூடியிருந்தாலும் பூச வேண்டும் என்பதை மட்டும் சித்தி இன்னும் நம்பவில்லை.