மொத்தம் சரி, செறிவு தவறு

கோபுரத்துக்குக் கோபுரம் வானொலி அலையால் தகவல் அனுப்பும் நுண்ணலை இணைப்புகளை மழை வலுவிழக்கச் செய்யும். அவற்றைத் திட்டமிடும் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவேன். எங்கள் கணக்குக்கு அது பெரிதாக உதவாது. இணைப்பு ஆண்டில் 99.99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டுமென்றால், மழைக்கு விட்டுக்கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 53 நிமிடங்கள்தான்; அந்த 53 நிமிடங்களுக்கு மட்டுமே மீறப்படும் செறிவு, அதாவது மழை கொட்டும் வேகம், எது என்பதே கேள்வி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.837 பரிந்துரை அந்தச் செறிவை ஒரு நிமிடச் சராசரியாகக் கேட்கிறது. கிடைக்கும் தரவோ பெரும்பாலும் மணிக்கணக்கில் இருக்கும். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. என்று பதிவாகியிருக்கும், அதில் 40 மி.மீ. பத்தே நிமிடங்களில் கொட்டியிருந்தால், அப்போதைய செறிவு மணிக்கு 240 மி.மீ. ஆகிவிடுகிறது.

ஆகவே நிமிடத் தரவு கிடைத்தாலே நிம்மதி என்று நம்பியிருந்தேன். 23 கிகாஹெர்ட்ஸில் நான் வடிவமைத்த ஓர் இணைப்பு, இடிமழை வரும்போதெல்லாம் கணக்கை மீறி அறுந்தது. இந்த அலைவரிசையில் செறிவு இரட்டித்தால் கிலோமீட்டருக்கு அலை வலுவிழக்கும் அளவும் (டெசிபெல் இழப்பு) ஏறக்குறைய இரட்டிக்கும்; உள்ளீட்டுப் பிழையை வேறெதுவும் ஈடுகட்டாது. நான் எடுத்தது அருகிலிருந்த சாய்வுவாளி மழைமானியின் பதிவு. அதன் சிறு வாளி 0.2 மி.மீ. நிறைந்ததும் ஒருமுறை சாயும். நிமிடத்துக்கு ஒரு சாய்வு என்றால் மணிக்கு 12 மி.மீ. நாள் மொத்தம் பக்கத்து நிலையத்தோடு பொருந்தியதால் எனக்கு ஐயமே எழவில்லை.

நேரில் போய்ப் புனலைத் திறந்தபோது, வடிகட்டியின் மேல் ஒரு சருகு ஒட்டியிருந்தது, அதைச் சுற்றிச் சிலந்திவலை. செம்பில் நீரை மொண்டு ஊற்றினேன். அது தேங்கி நின்று, நிமிடத்துக்கு நான்கைந்து சாய்வாக நிதானமாக இறங்கியது. பத்துச் சாய்வு வேண்டிய மழையும் அதே நான்கைந்தாகத்தான் பதிவாகியிருக்கும். ஒரு துளியும் தொலையவில்லை, உச்சம் மட்டும் தொலைந்திருந்தது. மழைமானி கெட்டு எதையுமே காட்டாமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்!

அந்தப் பதிவைக் கைவிட்டு, பி.837 தரும் மதிப்பைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு, பெரிய ஆன்டெனா பொருத்தினோம். விழும் பெருந்துளி தட்டையாவதால் கிடைமட்ட முனைவாக்கத்துக்கே (அலையின் மின்புலம் கிடையாக அதிர்வதற்கே) இழப்பு அதிகம் என்பதால், செங்குத்துக்கும் மாற்றினோம். இப்போது நிமிடத் தரவு கைக்கு வந்ததும், உச்சத்துக்கு முன் மழையின் வாலைத்தான் பார்க்கிறேன். மழை ஓய்ந்த பின்னும் கால்மணி நேரம் நான்கு நான்காக ஒரே சீராகச் சாய்வுகள் தொடர்ந்தால், அந்த நாளை நீக்கிவிட்டு, புனலைத் திறந்து பார்க்கும்படி நிலையத்துக்கு எழுதுகிறேன்.