மதில் நம் நிலத்தில். மனுவை எங்கே கொடுப்பது?

பக்கத்து மனைக்காரர் எழுப்பிய மதில் எங்கள் பட்டா நிலத்துக்குள் ஒன்றரை அடி வந்து நிற்கிறது. 'ஆக்கிரமிப்பை அகற்றித் தர வேண்டி' என்று தலைப்பிட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து மாதக்கணக்கில் கிடந்தபின், 'தனியார் நிலம் தொடர்பானது; உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்' என்ற ஒற்றை வரிப் பதிலாகத் திரும்பியது. சட்டப்படி பதில் சரிதான். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கு, நீர்நிலை போன்ற அரசு நிலங்களுக்கு உரியது. பட்டாதாரர் ஒருவர் மற்றொருவர் நிலத்துக்குள் நுழைந்தால் அதைக் கொண்டு மதிலை இடிக்க வட்டாட்சியருக்கு அதிகாரமில்லை. ஆனால், மனுவின் தலைப்பைப் படித்துவிட்டு ஆதார் நகலை மட்டும் கேட்டு வாங்கிய எழுத்தர், இதை அப்போதே சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது.

வருவாய்த்துறை செய்யக்கூடியது நிலத்தை அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவது. அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதில் சிரமம் ஏதுமில்லை. கூட்டுப் பட்டாவில் இருப்பவர்கள் முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற்றுவிடுவது நல்லது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தில் இல்லாத கோட்டை நில அளவர் தரையில் காட்ட முடியாது.

அளவை நாளன்றுதான் உண்மையான சோதனை. மூலையில் இருக்க வேண்டிய எல்லைக் கல்லைக் காணவில்லை. கல் இல்லாமல் அளந்தால் செல்லாது என்று பக்கத்து மனைக்காரர் குரலை உயர்த்த, நில அளவர் பதில் பேசாமல் அடுத்த கல்லிலிருந்து நாடாவை இழுத்து, ஓரிடத்தில் குதிகாலால் கோடு கிழித்து, தோண்டச் சொன்னார். கடப்பாரை இரண்டாம் குத்திலேயே கணீரென்றது. மண்ணுக்குள் கல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை.

அளந்து முடித்ததும், "கல்லைக் காட்டிவிட்டேன், வரட்டுமா?" என்று கிளம்பியவரிடம், அளவுகள் குறித்த வரைபடத்தைக் கையொப்பத்துடன் கேட்டுப் பெறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள், வழக்குத் தொடுக்கும்போது கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான். பத்திரத்தில் அடியும் சென்ட்டும், பட்டாவில் ஏர் என்ற மெட்ரிக் அளவும் இருப்பதால் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டு செல்லுங்கள்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஓர் ஏர் ஏறத்தாழ 1,076 சதுர அடி.

இப்போது மதிலை அகற்றக் கோரி வழக்குத் தொடுத்திருக்கிறோம். நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமித்தால் நிலம் மீண்டும் அளக்கப்படும்; அந்தச் செலவும் நம் தலையில்தான் முதலில் விழும். தனியார் நிலத்தை எதிரிடை அனுபவமாக, அதாவது உரிமையாளருக்கு எதிராகத் தனதென்று வெளிப்படையாக, 12 ஆண்டுகள் ஒருவர் வைத்திருந்தால் மீட்கும் உரிமையே போய்விடும் என்பதால், மதில் எந்த ஆண்டு எழுந்தது என்பதற்குச் சான்று வேண்டும். எங்கள் கைப்பேசியில் அஸ்திவாரம் தோண்டியபோது எடுத்த படம், நல்லவேளையாக, தேதியோடு இருந்தது. வழக்கறிஞர் முதலில் கேட்டது அதைத்தான்.