பதிவேட்டில் எழுதிய காரணம்

"சார், நான் ஜெராக்ஸ்கூட எடுக்கலை. மேஜையில வச்சு விரிச்சேன், அவ்வளவுதான்" என்று, தாள்கள் கழன்ற நூலகப் புத்தகத்தோடு நின்ற ஆய்வு மாணவி சொன்னதை நான் அப்போதே நம்பினேன். நம்பிய பிறகும் சேதப் பதிவேட்டின் காரணக் கட்டத்தில் 'வாசகரின் கவனக்குறைவு' என்று எழுதி, பைண்டிங் செலவுக்கு 400 ரூபாய் கட்டச் சொன்னேன்.

11,800 ரூபாய்க்கு வாங்கிய வெளிநாட்டுப் பதிப்பு அது. கெட்டி அட்டை, முதுகின் மேல்நுனியில் தைத்த புத்தகங்களில் காணும் வண்ணப் பட்டை. அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் தையல் பைண்டிங் என்று எண்ணியிருந்தேன். எங்கள் பைண்டர் அட்டையைப் பிரித்துக் காட்டினார்: பதினாறு பக்க ஃபாரங்களாக மடித்துத் தைப்பதற்குப் பதிலாக, முதுகை அறுத்துத் தனித்தாள்களாக்கிச் சூட்டுப் பசை தடவியிருந்தார்கள், பட்டை வெறும் ஒட்டு. அத்தகைய பசை நாளடைவில் இறுகி, விரித்த இடத்தில் வெடித்துவிடும். "இதுல நூலே இல்லையேங்க" என்றார். இனிப் பக்கவாட்டில் துளையிட்டுத்தான் தைக்க முடியும், தைத்தால் உள்விளிம்பு எழுத்துகள் மறைந்துவிடும் என்றும் சொன்னார். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் பதிவேட்டைத் திறந்தேன்.

சில நூறு படிகளே விற்கும் புத்தகத்தின் விலை ஏறத்தான் செய்யும். அந்த விலையிலும் தையலுக்கு இடமில்லாமல் போனதுதான் எனக்குப் புரியவில்லை. 1980களில் என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) புத்தகக் கண்காட்சியில் சொற்ப விலைக்கு வாங்கிய மாஸ்கோ மீர் பதிப்பகப் பாடநூல்கள் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் தையல் விடாமல் நிற்கின்றன. (அவை சோவியத் மானியத்தில் வந்தவை, ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வதும் உண்டு.)

'தயாரிப்புக் குறை' என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், வாங்கியபோது சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் யார் என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கையெழுத்து என்னுடையது. 14 மாதங்கள் கடந்துவிட்டதால் விற்பனையாளரும் மாற்றித் தர மறுத்துவிட்டார். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல் தொலைந்தால் விசாரணை கட்டாயம் என்கின்றன மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். தணிக்கைக்கு அஞ்சியே பழகிய கை, கேள்வி எழாத சொல்லைத் தேடிக்கொண்டது. அவளும் சற்று அழுத்தித்தான் விரித்திருப்பாள் என்று சில நாட்கள் தோன்றும். அழுத்தாமல் எப்படிப் படிப்பது என்று மறுநாள் தோன்றும்.

நிலுவையின்மைச் சான்றுக்கு வந்தபோது, "அந்தப் புத்தகம் சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டாள். "பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா" என்றேன். சணல் கயிற்றால் கட்டிய தாள்கட்டாக அது என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. எழுத்து மறையுமே என்று நான் அதைத் தைக்கக் கொடுக்கவே இல்லை. வாங்கிய 400 ரூபாயைத் திருப்பித் தர எங்களிடம் கணக்குத் தலைப்பும் இல்லை.