அப்பர் கரையேறின ஊருக்கு, போன்ல பதிகம் கேட்டுக்கிட்டே

போன பிரதோஷத்துக்கு கடலூர்ல இருக்குற திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரை தரிசனம் பண்ணிட்டு வந்தேன். புதுச்சேரியில பஸ் ஏறினதுமே ஹெட்செட்டை மாட்டி "சொற்றுணை வேதியன்" பதிகத்தை போட்டுட்டேன், அரியாங்குப்பம் தவளக்குப்பம் எல்லாம் எப்ப தாண்டுச்சுன்னே தெரியல. அப்பர் சுவாமிகளை கல்லோட கட்டி கடல்ல தள்ளினப்ப அவர் பாடின பதிகம் அது, அந்த கல்லே தெப்பமா மிதந்து அவரை கரை சேர்த்த ஊருக்குத்தான் நாம போறோம்னு நினைச்சுக்கிட்டே கேட்டா உடம்பு சிலிர்க்குது, கண்ணு தானா கலங்குது.

கடலூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினா கோயில் நடந்து போற தூரம்தான். வாசல்லயே போனை ஆஃப் பண்ணி பைக்குள்ள போட்டுட்டேன். 2022 டிசம்பர்லயே ஹைகோர்ட் மதுரை கிளை தமிழ்நாட்டு கோயில்கள்ல செல்போன் கூடாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா கோர்ட் சொல்லித்தான் நமக்கு தெரியணுமா? வேற ஒரு கோயில்ல நந்திக்கு பால் அபிஷேகம் ஆகுறப்ப முன்னாடி நின்னவங்க எல்லாம் போனை தூக்கிப் பிடிச்சதுல பின்னாடி தூணை பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு பாட்டிக்கு நந்தியோட கொம்பு கூட தெரியல, அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

சன்னதியில "ஈன்றாளுமாய்" பதிகம் பாடினாங்க. அப்பர் கரையேறி இதே சாமி முன்னாடி பாடினது. பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு ஒரு வார்த்தை பிசகாம கூடவே பாடுச்சு. வெளியில வந்து எங்கம்மா கத்துக்கிட்டேன்னு கேட்டேன், "யூடியூப்ல ஓதுவார் பாடுறதை கேட்டு கேட்டுத்தான்க்கா, வீட்டுல யாருக்கும் தெரியாது"ன்னுச்சு. எனக்கு அந்த பொண்ணு கையை பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

போன் வந்துதான் பக்தி கெட்டுச்சுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகல. இதே மாவட்டத்துல இருக்குற சிதம்பரத்துலதான் அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடின தேவார ஏடுகள் பூட்டின அறைக்குள்ள கிடந்து கரையான் அரிச்சு, ராஜராஜ சோழன் காலத்துல நம்பியாண்டார் நம்பி மீட்டது போக மிச்சம் எல்லாம் போயிடுச்சுன்னு வரலாறு சொல்றோம். நம்ம புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல இருக்குற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல சேர்த்தாங்க, 2007ல அங்கயிருந்தே "கணினித் தேவாரம்"னு குறுந்தகடு வெளியாச்சு. ஓலையில இருந்தது கம்ப்யூட்டருக்கு வந்து இப்ப கைக்குள்ள வந்திருக்கு, இதை அவன் அருள்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா வாட்ஸ்அப்ல வருதே, இந்த படத்தை 11 பேருக்கு அனுப்புங்க நல்ல சேதி வரும், அனுப்பலைன்னா கெடுதல்னு, அதை தயவு செஞ்சு அனுப்பாதீங்க. சாமி பேரைச் சொல்லி பயமுறுத்துறது பக்தியே இல்ல. அப்பர் சொன்னதுன்னு யாரோ எழுதினதும் சுத்துது. எங்க குரூப்ல பாட்டு போட்டா எத்தனாவது திருமுறை (சைவப் பாட்டுகளோட தொகுப்பு), எத்தனாவது பதிகம்னு சேர்த்து போடணும், "ஈன்றாளுமாய்"னா நாலாம் திருமுறை 94, அவ்வளவுதான், யார் வேணா சரிபார்த்துக்கலாம்.

தரிசனம் முடிச்சு வெளியில வந்து முத்தியால்பேட்டையில இருக்குற அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். முட்டி வலி, அவங்களால பஸ் ஏற முடியாது. கோபுரத்தை காட்டினா "இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா, கலசம் தெரியல"ன்னாங்க, தூக்கிக் காட்டினதும் அங்கயே ரெண்டு கையும் தலைக்கு மேல வச்சு "பாடலீஸ்வரா"ன்னு கும்பிட்டாங்க. அப்புறம் "விபூதி வாங்கினியா, அம்பாள் குங்குமம்?"னு விசாரணை. வாங்கிட்டேன் அத்தை.

சித்திரை அனுஷத்துக்கு அப்பர் கரையேறின விழாவுக்கு குரூப்பா போகலாம்னு இருக்கோம். வர்றவங்க இப்பவே தினமும் ஒரு பாட்டா கேட்டு மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடுங்க, அங்க போய் போனை பார்த்து படிக்க வேண்டாம்.